அடுத்தவர் பதிலில் கை வைக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். ஏதாவது சிக்கல் வந்தால் உடனே பிரவுசரைத் திறந்து தேடுகிறோம். யாரோ ஒருவர் எப்போதோ கேட்ட அதே கேள்வியும், இன்னொருவர் கொடுத்த பதிலும் திரையில் வந்து நிற்கின்றன. அதில் சொன்னபடி செய்கிறோம். பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. பதில் சொன்னவர் யார், அந்தப் பதிலை வேறு யாராவது சரி பார்த்தார்களா என்றெல்லாம் யோசிப்பதில்லை.

நானும் யோசித்ததில்லை, எங்கள் ஊரில் அந்தச் சம்பவம் நடக்கும் வரை.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் நெசவாளர் ஊர். எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கணக்கு எழுதுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். நூல் வாங்கிய கணக்கு, கூலி கொடுத்த கணக்கு, சேலை அனுப்பிய கணக்கு என எல்லாவற்றையும் எக்ஸெல் பைல்களாகப் போட்டு வைத்தார். வீட்டிலும் தறிக்கூடத்திலும் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அத்தனையையும் ஒரே ஒரு பென் ட்ரைவில் வைத்திருந்தார். வேறு காப்பி கிடையாது.

ஒரு நாள் பென் ட்ரைவைச் செருகியதும், இதைப் பார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் செய்தி காட்டியது. அண்ணன் இன்டர்நெட்டில் தேடினார். கேள்வி பதில் தளம் ஒன்றில் இதே கேள்வி தமிழிலேயே இருந்தது. முதலில் இருந்த பதில் இரண்டே வரி. "பார்மட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பென் ட்ரைவ் பழையபடி வேலை செய்யும்."

கிளிக் செய்தார். பென் ட்ரைவ் பழையபடி வேலை செய்தது. உள்ளே எதுவும் இல்லை. பைல்கள் எங்கேயாவது ஒளிந்திருக்கும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்து, அதே பென் ட்ரைவில் சினிமா பாட்டுகளைக் காப்பி செய்துகொண்டார். மறுநாள் என்னிடம் வந்தார். "தம்பி, பென் ட்ரைவ் சரியாயிடுச்சு. கணக்கு மட்டும் எங்க போச்சுன்னு பாரேன்" என்றார்.

புதியவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பென் ட்ரைவை விரைவு முறையில் பார்மட் செய்யும்போது பைல்கள் உடனே அழிந்துவிடுவதில்லை. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் காலியாகிறது. புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்தது போல. அதன் மேல் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால், ரெகுவா, போட்டோரெக் போன்ற இலவச சாப்ட்வேர்களைக் கொண்டு பல பைல்களை மீட்டுவிட முடியும். அண்ணனின் பென் ட்ரைவில் பாட்டுகள் கணக்கின் மேல் உட்கார்ந்துவிட்டன. கிடைத்த பைல்கள் கொஞ்சம். அவற்றிலும் பாதி திறக்கவில்லை.

"எந்தப் பதிலைப் பார்த்து செஞ்சீங்கண்ணே?" என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். எனக்குப் பகீர் என்றது. அந்தப் பதிலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு இல்லை. சில மாதங்களுக்கு முன் அதில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தியவனே நான்தான்.

"கிலிக்" என்று இருந்ததைக் "கிளிக்" ஆக்கினேன். விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்த பதிலுக்குப் போய்விட்டேன். "உள்ளே முக்கியமான பைல்கள் இருந்தால் பார்மட் செய்யாதீர்கள்" என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபத்தான ஒரு பதிலை இன்னும் நம்பும்படியாக அழகுபடுத்திக் கொடுத்திருக்கிறேன். பிழைகளோடு இருந்திருந்தால் அண்ணன் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பாரோ என்னவோ.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது அந்த உறுத்தல்தான். பலரும் சேர்ந்து எழுதும் கேள்வி பதில் தளங்களில் அடுத்தவர் பதிலைத் திருத்தலாமா, எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. திருத்தம் என்பது பதில் எழுதியவருக்காகவும் இல்லை, திருத்துபவருக்காகவும் இல்லை. நாளைக்கு அந்தப் பக்கத்தைத் தேடி வந்து, அதை நம்பி ஒரு பட்டனை அழுத்தப் போகிறவருக்காகத்தான். அவரை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

மறுப்பு எழுதினால் போதாதா?

"பதில் தப்பு என்றால் கீழே மறுப்பு எழுதிவிட்டுப் போகலாமே, ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஏன் தொட வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் பெயரில் இருக்கும் பதிலில் முன்பின் தெரியாத ஒருவர் கை வைத்தால் யாருக்கும் கோபம் வரும்.

ஆனால் சிக்கலில் இருப்பவர் பக்கம் முழுவதையும் படிப்பதில்லை. முதல் பதிலைப் படித்ததும் மவுஸைக் கையில் எடுத்துவிடுகிறார். அண்ணன் பார்த்த பதிலுக்குக் கீழேயும் ஒருவர் எழுதியிருந்தார். "இதெல்லாம் ஒரு பதிலா? எதுவும் தெரியாதவர்கள் எல்லாம் பதில் சொல்ல வந்துவிட்டார்கள்" என்று. அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அதைக் கேலி செய்யப் பயன்படுத்தினாரே தவிர, எது தவறு என்று சொல்லவில்லை. அந்தக் கேலியால் அண்ணனின் ஒரு பைல் கூடப் பிழைக்கவில்லை.

யாகூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி பதில் தளம் பலருக்கு நினைவிருக்கும். 2005 ஆம் ஆண்டு தொடங்கி, 2021 மே மாதம் மூடப்பட்டது. அங்கே ஒருவர் பதிலை இன்னொரு வாசகர் திருத்த முடியாது. தவறான பதில் தவறாகவே கிடந்தது. நல்ல பதிலுக்குப் பக்கத்தில் வேடிக்கைப் பதிலும் அதே மதிப்போடு இருந்தது.

2008 ஆம் ஆண்டு ஜெப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் ஸ்டாக் ஓவர்ப்ளோ என்ற தளத்தைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர்களுக்கான கேள்வி பதில் தளம் இது. இங்கே கேள்வியையும் பதிலையும் மற்றவர்கள் திருத்தலாம். ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு. நல்ல கேள்விகளுக்கும் பதில்களுக்கும் வாசகர்கள் போடும் ஓட்டுகளால் ஒருவருக்குப் புள்ளிகள் சேரும். 2,000 புள்ளிகள் சேர்த்தவர் நேரடியாகத் திருத்தலாம். அதற்குக் குறைவாக இருப்பவரும் திருத்தத்தை எழுதி அனுப்பலாம். மற்ற உறுப்பினர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அது பக்கத்தில் ஏறும். எழுதியவர் சொல்ல வந்ததையே மாற்றிவிடும் திருத்தங்களைத் தள்ளிவிடுவார்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும்.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது தமிழ் விக்கிப்பீடியா. கேள்வி பதில் தளம் இல்லை, கலைக்களஞ்சியம். இருந்தாலும் பலர் சேர்ந்து எழுதுவது, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவது எல்லாம் இங்கே தினசரி நடக்கிறது. 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆரம்ப நாட்களில் இதை வளர்த்தெடுத்த இ. மயூரநாதன் இலங்கையைச் சேர்ந்தவர். கட்டுரைகளின் எண்ணிக்கை 2017 ஆம் ஆண்டு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கமும், ஒரு உரையாடல் பக்கமும் உண்டு. பொதுவான விஷயங்களைப் பேச "ஆலமரத்தடி" என்று ஒரு பக்கம். புதியவர்கள் சந்தேகம் கேட்க "ஒத்தாசைப் பக்கம்". பெயர்களைப் பார்த்தாலே இது சண்டை போடும் இடம் இல்லை, உட்கார்ந்து பேசும் இடம் என்று புரியும்.

இந்தத் தளங்களில் எழுதியதைச் சேமிக்கும்போதே, மற்றவர்கள் இதைத் திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நாம் சம்மதம் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சிறிய எழுத்து வாசகத்தை யாரும் படிப்பதில்லை. பிறகு "என் பதிலை யார் தொட்டது?" என்று கோபப்படுகிறோம்.

எங்கள் ஊர்க் கேள்வி ஒன்று

எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது என்பதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். "திருத்தணி எப்போது தமிழ்நாட்டோடு சேர்ந்தது?" என்று ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இப்படிப் பதில் எழுதுகிறார்:

"1956ல் மொழிவாரி மானிலங்கள் பிரிந்த போது திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருப்பதியும் நமக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் பகுதியில் தெலுங்கு பேசுபவர்களும் நிறைய இருக்கிறார்கள்."

இதில் என்னென்ன செய்யலாம்?

முதலில், ஆண்டு தவறு. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. தமிழகப் பகுதிகளை மீட்க ம.பொ. சிவஞானம் முதலானோர் போராடினார்கள். பின்னர் படாஸ்கர் எல்லைத் தகராறை ஆராய்ந்து முடிவு சொன்னார். 1959ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி இந்தப் பக்கம் வந்தது. 1956 என்பதை 1960 ஆக்குவதற்குத் தயங்கவே வேண்டாம். இது கருத்து இல்லை, தகவல். திருத்திவிட்டு எல்லைச் சட்டத்தைக் காரணமாகக் குறிப்பிட்டால் போதும்.

இரண்டாவது, "தமிழ்நாடு" என்ற சொல். 1960ல் நம் மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல்தான் வந்தது. அதற்காகத் தமிழ்நாடு என்பதை அடித்துவிட்டுச் சென்னை மாநிலம் என்று எழுதினால், புதிதாகப் படிப்பவர் திருத்தணி சென்னை நகரத்தோடு சேர்ந்ததாக நினைத்துக்கொள்வார். "அன்றைய சென்னை மாநிலம், இன்றைய தமிழ்நாடு" என்று எழுதுவதுதான் படிப்பவருக்கு உதவும்.

மூன்றாவது, "மானிலங்கள்" என்பதை "மாநிலங்கள்" ஆக்கலாம். நல்லதுதான். ஆனால் ஆண்டைத் தவறாக விட்டுவிட்டு இதை மட்டும் திருத்தினால், நான் பென் ட்ரைவ் பதிலில் செய்த அதே வேலைதான்.

நான்காவது, திருப்பதி பற்றிய வரி. "என் கருத்து" என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இதை அழிக்கவும் கூடாது, "திருப்பதி ஆந்திராவுக்கே உரியது" என்று மாற்றவும் கூடாது. அவர் பெயரில் அவர் சொல்லாததைச் சொல்ல வைப்பது மோசடி. எனக்கு வேறு கருத்து இருந்தால் என் பெயரில் தனிப் பதில் எழுத வேண்டும். கருத்தே வேண்டாம் என்று விதி வைத்திருக்கும் தளம் என்றால், விதியைச் சுட்டிக்காட்டி நீக்கலாம். விக்கிப்பீடியா கட்டுரையில் இந்த வரி நிற்காது.

ஐந்தாவது, தெலுங்கு பற்றிய வரி. இதை அழிக்க யாராவது நிச்சயம் வருவார். எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், எல்லைப் பகுதியில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. உண்மை நமக்கு இஷ்டமில்லாமல் இருந்தாலும் அது உண்மைதான். மாடரேட்டருக்கு இங்கேதான் வேலை. ஒருவர் அழிக்க, இன்னொருவர் திரும்பப் போட, மறுபடி அழிக்க என்று போனால் அவர் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பூட்டிவிட்டு, இருவரையும் உரையாடல் பக்கத்திற்கு அனுப்ப வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தைத் தள்ளக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் தறியில் ஒரு இழை அறுந்தால், தறியை நிறுத்தி அந்த இழையை மட்டும் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். அதைச் சாக்காக வைத்துச் சேலையின் டிசைனை மாற்ற மாட்டார்கள். அறுந்த இழையைப் பார்த்தும் பார்க்காதது போல விடவும் மாட்டார்கள். பதில்களைத் திருத்துவதற்கும் இதே அளவுகோல் போதும்.

உங்கள் பதிலைத் திருத்திவிட்டார்களா?

இப்போது மறுபக்கம். நீங்கள் முதல் முறையாக ஒரு பதில் எழுதுகிறீர்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பாதி மாறியிருக்கிறது. அல்லது உங்கள் கேள்வியை "ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்து, "இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று போய்விடுகிறார்கள். அது நமக்கும் நஷ்டம், தளத்துக்கும் நஷ்டம்.

கோபப்படும் முன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திருத்தியவர் காரணமும் எழுதியிருப்பார். பதில் முன்பைவிட நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் கருத்து மாறிவிட்டது என்றால் பழையபடி மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காரணம் எழுதி மாற்றுங்கள். அவர் மறுபடி மாற்றினால் நீங்களும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அவரிடம் பேசுங்கள். அவரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார் என்று முதலில் நம்புங்கள். பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகத்தான் இருக்கும்.

மாடரேட்டர்களும் தவறு செய்வார்கள். புதியவர் பாதி வாக்கியத்தில் கேட்ட கேள்வியைப் புரிந்துகொள்ளப் பொறுமை இல்லாமல் மூடிவிடுகிறவர்கள் உண்டு. "விதி எண் இத்தனை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. புள்ளிக்காகவே திருத்துகிறவர்களும் உண்டு. ஸ்டாக் ஓவர்ப்ளோவில் புதியவர் அனுப்பும் திருத்தம் ஏற்கப்பட்டால் 2 புள்ளிகள் கிடைக்கும். அதற்காக அற்பமான மாற்றங்களை மட்டும் செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் வரலாறு திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். திருத்துபவரை யார் திருத்துவது என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

அதே சமயம் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தளங்களில் மாடரேட்டர்களாக இருப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவதில்லை. தங்கள் வேலை முடிந்த பிறகு, இரவில் உட்கார்ந்து விளம்பரங்களையும் வசவுகளையும் அள்ளிக் கொட்டுகிறவர்கள். அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் நம் கண்ணில் எதுவும் படாது. செய்யாவிட்டால்தான் தெரியும்.

கூகுளும் தமிழ் விக்கிப்பீடியாவும்

பெரிய நிறுவனமே வந்து எழுதினாலும் திருத்துபவர்கள் தேவை என்பதற்குத் தமிழிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டு வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. எண்ணிக்கை கூடியது. ஆனால் வாக்கியங்கள் எந்திரத்தனமாக இருந்தன. தமிழ் வாசகருக்கு எந்தத் தலைப்பு வேண்டும் என்ற யோசனையும் குறைவாக இருந்தது.

தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் இல்லை, ஒரேயடியாகத் தூக்கி எறியவும் இல்லை. குறைகளைப் பட்டியல் போட்டு அந்த நிறுவனத்தோடு பேசினார்கள். 2010 ஆம் ஆண்டு போலந்து நாட்டின் குடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில், தமிழ் விக்கிப்பீடியாவின் அ. இரவிசங்கர் இந்த அனுபவத்தை உலகத்தின் முன் வைத்தார். அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் நின்றுபோனது. அந்தக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் வேலை, சம்பளம் வாங்காத தமிழ் ஆர்வலர்கள் தலையில்தான் விழுந்தது. எழுதிக் குவிப்பது சுலபம், சரி பார்ப்பதுதான் கஷ்டம் என்று அன்றே தெரிந்துவிட்டது.

இப்போது அதே பிரச்னை பல மடங்காகியிருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் பதில் எழுதித் தருகின்றன. ஒரு எழுத்துப் பிழை இருக்காது. நடை சரளமாக இருக்கும். உள்ளே தகவல் தவறாக இருந்தாலும் அது தெரியாது. நான் பிழை திருத்தி அழகாக்கிய அந்தப் பென் ட்ரைவ் பதில் நினைவுக்கு வருகிறதா? அதே கதைதான். 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ப்ளோ இப்படிப்பட்ட பதில்களுக்குத் தடை போட்டது. பிறகு இத்தகைய பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது, 2023 ஜூன் மாதம் மாடரேட்டர்கள் பலர் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆகஸ்ட் வரை நீடித்தது. சம்பளமே வாங்காதவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால், அவர்கள் கேட்டது கூலி இல்லை. படிக்க வருகிறவருக்குத் தவறான பதில் போய்ச் சேரக் கூடாது என்ற உரிமை.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு பதில் எங்கே புரியவில்லை என்று சொல்லத் தகுதியானவர் புதியவர்தான். நிபுணருக்கு எல்லாம் புரிந்துவிடும். எனவே கீழே உள்ளவற்றை முயன்று பாருங்கள்.

1. திருத்த உட்காரும்போது வரிசையை மாற்றாதீர்கள். முதலில், இதைச் செய்தால் படிப்பவருக்கு ஏதாவது நஷ்டம் வருமா என்று பாருங்கள். இரண்டாவது, தகவல் சரியா என்று பாருங்கள். எழுத்துப் பிழை மூன்றாவதுதான்.

2. ஆபத்தான பதிலைக் கண்டால் எச்சரிக்கை வரி ஒன்றைச் சேருங்கள். அந்தத் தளத்தில் அப்படிச் சேர்க்க அனுமதி இல்லை என்றால், கீழே தெளிவாக எழுதுங்கள். தனியாகச் சரியான பதிலும் கொடுங்கள். கேலி செய்யாதீர்கள்.

3. எதை மாற்றினாலும் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். "தவறு" என்று எழுதினால் போதாது. "1956 இல்லை, 1960, எல்லைச் சட்டத்தின்படி" என்று எழுதுங்கள்.

4. "என் கருத்து", "என் அனுபவம்" என்று ஒருவர் எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். உங்கள் அனுபவம் வேறு என்றால் அதைத் தனியாக எழுதுங்கள்.

5. உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாததைத் திருத்தாதீர்கள். கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு சொன்னதை அப்படியே பதிலாக ஒட்டாதீர்கள்.

6. கேள்வி கேட்கும்போது விவரம் கொடுங்கள். "பென் ட்ரைவ் வேலை செய்யவில்லை" என்பதைவிட, "பார்மட் செய்யச் சொல்கிறது, உள்ளே முக்கியமான பைல்கள் உள்ளன" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

கடைசியில் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணனின் கணக்கு போன அன்று இரவே நான் அந்தப் பக்கத்துக்குப் போனேன். பதிலின் முதல் வரிக்கு மேலே, "பென் ட்ரைவில் முக்கியமான பைல்கள் இருந்தால் பார்மட் செய்யாதீர்கள், முதலில் வேறு போர்ட்டிலும் வேறு கம்ப்யூட்டரிலும் செருகிப் பாருங்கள், அப்படியும் திறக்கவில்லை என்றால் பைல்களை மீட்கும் சாப்ட்வேரைப் பயன்படுத்தி, மீட்டவற்றை வேறு டிரைவில் சேமியுங்கள்" என்று சேர்த்தேன். காரணமும் எழுதினேன். பதில் எழுதியவர் என்ன சொல்வாரோ என்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார். "நன்றி சார். கேள்வி கேட்டவர் பென் ட்ரைவ் புதியது, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். அதனால்தான் பார்மட் செய்யச் சொன்னேன். வேறு யாராவது படிப்பார்கள் என்று நினைக்கவில்லை."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கேள்வியின் கடைசி வரியில் அது இருந்தது. அண்ணன் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. கேட்டவருக்கு அது சரியான பதில். பின்னால் வந்தவருக்குத் தவறான பதில். பதில் ஒருவருக்குத்தான் எழுதப்படுகிறது. படிப்பவர்கள் ஆயிரம் பேர். இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் திருத்தும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் இப்போது கணக்கை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைக்கிறார். பழைய கணக்கை நோட்டுகளிலும் பில்களிலும் தேடி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப டைப் செய்துகொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்து டைப் செய்கிறேன். அன்றைக்கு ஒரு வரி டைப் செய்யாமல் விட்டதற்கு இது அதிகமில்லை.